அச்சில் வராமல் இருக்க நூற்றைம்பது கையெழுத்து

டாம்ரோ மாவட்டத்து லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் காபி குடிக்கும்போது, தட்டில் மிஞ்சிய எலுமிச்சைக் கேக்கின் கடைசித் துண்டை யாரும் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் பேராசை. அதனால் ஒருவர் அதைப் பாதியாக வெட்டி ஒரு பாதியை எடுத்துக்கொள்வார். அடுத்தவர் மிச்சத்தில் பாதி. இப்படியே போய்ப் பன்னிரண்டு மணிக்குத் தட்டில் ஒரு பொடி கிடக்கும். அதையும் யாரோ ஒருவர் கத்தியால் இரண்டாக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த ஊரில் யாரும் ஒரு பதவிக்கும் நிற்பதில்லை என்பதற்கு இதைத் தாண்டிக் காரணம் தேட வேண்டியதில்லை.

அந்த வருடம் வடிகால் ஆணையர் பதவிக்கும் அதே கதிதான். பழைய ஆணையர் முழங்கால் வலிக்கு வெயில் நல்லதென்று அரிசோனாவுக்குக் குடிபோய்விட்டார். நவம்பர் தேர்தலுக்கு யாரும் மனுப் போடவில்லை. ஜூனில் கெடு முடிந்தது. வாக்குச்சீட்டில் அந்தப் பதவிக்குக் கீழே ஒரு வெற்றுக் கோடு மட்டும் இருக்கும், வாக்காளர் விரும்பிய பெயரை அதில் எழுதலாம் என்று செய்தித்தாளில் நாலு வரி வந்தது.

மாவட்டமே அதைப் படித்துவிட்டு வானிலைப் பக்கத்துக்குப் போயிற்று. ஆர்விட் டாலெஃப்சனால் மட்டும் போக முடியவில்லை. அவர் அப்பா கட்டிய வீட்டின் நிலவறைக்குப் பதினோரு படிகள். வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஒன்பதாம் எண் வடிகால் அடைத்துக்கொண்டு இரண்டு வருடமாகிறது. நிலவறையில் தண்ணீர் கீழிருந்து நாலாவது படியைத் தொட்டிருந்தது. வீட்டைச் சூடாக்கும் உலையை அவர் கான்கிரீட் கட்டைகள் மேல் ஏற்றி வைத்திருந்தார். ஏழாவது படிக்குத் தண்ணீர் வந்தால் உலை மூழ்கும். உலை போனால் டாம்ரோவின் குளிர்காலத்தில் அந்த வீட்டில் எலிகூட இருக்காது.

வடிகாலைத் தூர்வார உத்தரவு போடும் உரிமை சட்டப்படி ஒரே ஒருவருக்குத்தான், வடிகால் ஆணையருக்கு. ஒரு தடவை ஆர்விட் பொறுக்க முடியாமல் மண்வெட்டியோடு தானே இறங்கினார். பொதுச் சொத்தின் இயற்கையான அடைப்பைச் சிதைத்ததாக நோட்டீஸ் வந்தது.

பக்கத்துப் பண்ணை லவான் ஷ்மிட்கே முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தின் பழைய மஞ்சள் பேருந்தில் வயதானவர்களை ஏற்றி இறக்குகிறார். அவர் வீடு மேட்டில் இருந்தது; ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆனாலும் ஆர்விட்டின் படிகளை அவர்தான் வாரம் தவறாமல் எண்ணிப் பார்ப்பார்.

"கோடு சும்மாதானே கிடக்குது. உன் பேர எழுதிட்டாப் போச்சு," என்றார் லவான்.

"நானா? நாமளே போய் நிக்கறது நல்லாவா இருக்கும்?"

"நிலவறைல மீன் வளக்கறது நல்லா இருக்குதா?"

ஆர்விட் மறுநாள் மாவட்டத் தலைநகருக்குப் போனார். தேர்தல் பொறுப்பெல்லாம் மாவட்ட எழுத்தர் டெல்மர் குவிஸ்ட் கையில். குவிஸ்ட் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இந்தப் பூசாரி கொடுக்காமல் இருப்பதையும் புன்னகையோடு செய்வார்.

"எழுதலாம் சார். யாரு பேர வேணும்னாலும் எழுதலாம். அது குடிமகனோட பிறப்புரிமை. எண்ணறதுதான் வேற விஷயம்," என்றார் குவிஸ்ட்.

"எண்ண மாட்டீங்களா?"

"எண்ணணும்னா நீங்க முன்கூட்டியே விருப்ப மனு போட்டிருக்கணும். கூடவே நூத்தம்பது வாக்காளர் கையெழுத்து. செப்டம்பர் பதினஞ்சு, சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள, நேர்ல."

"சீட்டுல பேர் அச்சடிக்கறதுக்கு எத்தனை கையெழுத்து?"

"அதுக்கும் நூத்தம்பதுதான்."

"அப்ப அச்சடிச்சிருங்களேன். எழுதற சிரமம் மிச்சம்."

"அச்சடிக்கற கெடு ஜூன்லயே முடிஞ்சிருச்சு சார். இது அச்சடிக்காம இருக்கறதுக்கு."

ஆர்விட் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "என் பேரு இப்பவும் அச்சுல இல்லைதானே. அதுக்கு எதுக்குக் கையெழுத்து?"

குவிஸ்டுக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "இந்த மாவட்டத்துல பதினோராயிரம் பேர் வாக்குச்சீட்டுல இல்ல சார். அதுல யாரு அக்கறையா இல்ல, யாரு ஏனோதானோன்னு இல்லன்னு அரசாங்கம் எப்படித் தெரிஞ்சுக்கும்? மனு போட்டுட்டா நீங்க முறைப்படி இல்லாதவர். உங்கள எண்ணிருவோம்."

படிவத்தை எடுத்துக்கொண்டு ஆர்விட் வீடு வந்தார். ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் ஒரு வாசகம் இருந்தது: 'கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள், மேற்படி நபரின் பெயரை வாக்குச்சீட்டில் அச்சிட வேண்டாமென்று இதன்மூலம் கேட்டுக்கொள்கிறோம்.'

கையெழுத்து வாங்க ஆர்விட் போனார் என்று சொன்னால் பொய்யாகும். வண்டியை ஓட்டியது அவர். கதவைத் தட்டியது லவான்.

"இறங்கி வந்து ஒரு வார்த்தை பேசேன்."

"அவங்க சாப்பிட்டுட்டு இருப்பாங்க."

"காலைல பத்து மணிக்கா?"

"சிலபேர் அப்பவும் சாப்பிடுவாங்க."

அதனால் லவான்தான் ஒவ்வொரு வாசலிலும் நின்று அந்த வாசகத்துக்கு உரை சொன்னார். வாசகம் படுத்திய பாடு கொஞ்சமில்லை. ஆர்விட் நல்ல மனுஷன், அவர் பேர் வரக் கூடாதுன்னு நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று மூன்று வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். இருபது வருடத்துக்கு முன்னால் வேலித் தகராறில் அவரோடு பேச்சை நிறுத்திய ஒருவர் மட்டும், இதற்காகவே காத்திருந்ததுபோல் மனைவியையும் கூப்பிட்டு இரண்டு கையெழுத்தாகப் போட்டுக் கொடுத்தார். செப்டம்பர் பதினைந்து காலையில் நூற்றறுபத்திரண்டு கையெழுத்து சேர்ந்திருந்தது.

அன்று மதியம் மழை கொட்டியது. ஒன்பதாம் எண் வடிகால் பொங்கி மாவட்டச் சாலையின் மேல் படுத்துக்கொண்டது. ஆர்விட்டின் வண்டிக்கு அது இடுப்பளவு. நாற்பது மைல் சுற்றிக்கொண்டு அவரும் லவானும் மாவட்ட அலுவலகத்துக்குள் நுழைந்தபோது மணி ஐந்து நாலு.

"கெடு தாண்டிருச்சு சார்," என்றார் குவிஸ்ட், உண்மையான வருத்தத்தோடு.

"வடிகால் அடைச்சு ரோடு முங்கிருச்சுங்க."

"அப்ப அதைப் புகாரா எழுதி வடிகால் ஆணையர்கிட்ட குடுத்துருங்க."

"ஆணையர்தான் இல்லையே."

"அதனாலதான் பாருங்க, இந்த வருஷம் வடிகால் பத்தி ஒரு புகார்கூடப் பதிவாகல. நல்ல வருஷம்." குவிஸ்ட் விளக்கை அணைத்தார். பதவி காலியாக இருக்கும்வரை ஆணையரின் பொறுப்பு எழுத்தரைச் சேரும் என்றும், கையெழுத்துப் போடும் அதிகாரம் மட்டும் சேராது என்றும் போகிற போக்கில் சொல்லிவைத்தார்.

டாம்ரோக்காரர்கள் வழக்குக்குப் போவதில்லை. வழக்குப் போடுவதும் கடைசித் துண்டை எடுப்பதும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் அந்த வாரம் தண்ணீர் ஐந்தாவது படிக்கு வந்துவிட்டது. மாநிலத் தலைநகரில் ஒரு சட்டக் கல்லூரியின் இலவச உதவிக் குழு ஆர்விட்டுக்காக மனு எழுதிக் கொடுத்தது.

முதல் நீதிபதி அக்டோபர் தொடக்கத்தில் மனுவைத் தள்ளினார். தேர்தல் இன்னும் நடக்கவில்லை. ஆர்விட்டின் வாக்குகளை யாரும் இன்னும் எண்ணாமல் விடவில்லை. ஆகையால் அவருக்கு இன்னும் ஒரு கெடுதலும் நேரவில்லை. வழக்கு காயாக இருக்கிறது, பழுத்ததும் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

நவம்பரில் தேர்தல் நடந்தது. வெற்றுக் கோட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் ஆர்விட் பெயரை எழுதியிருந்தார்கள். குவிஸ்ட் மாவட்ட மன்றத்தின் முன் நின்று முடிவைப் படித்தார்.

"வடிகால் ஆணையர் பதவிக்கு எண்ணத்தக்க வாக்குகள் பூஜ்யம். கையால ரெண்டு தடவையும் இயந்திரத்துல ஒரு தடவையும் சரிபார்த்தோம். மூணு தடவையும் பூஜ்யம்தான் வந்துச்சு. என் இருபத்தாறு வருஷ சேவையில இவ்வளவு துல்லியமான எண்ணிக்கை நான் பார்த்ததில்ல. ஊழியர்களுக்கு என் நன்றி."

மன்றம் கைதட்டியது. தட்டாமல் இருந்தால் மரியாதையாக இருக்காது.

இரண்டாவது நீதிபதி டிசம்பரில் மனுவைத் தள்ளினார். தேர்தல் முடிந்துவிட்டது, இனி தீர்ப்புச் சொல்லி யாருக்கும் பயனில்லை, பழம் அழுகிவிட்டது.

"அப்ப எப்பத்தான் அது பழுத்திருந்துச்சு?" என்று லவான் வழக்கறிஞர் குழுவைக் கேட்டார். அவர்கள் கணக்குப் பார்த்தார்கள். தேர்தல் நாளன்று காலை ஏழு மணிமுதல் இரவு எட்டு மணிவரை பழுத்திருக்கும் என்று தோன்றியது. அன்று தேர்தல் என்பதால் நீதிமன்றம் விடுமுறை.

இவ்வளவுக்கும் ஆர்விட் குரலை உயர்த்தவில்லை. கான்கிரீட் கட்டைகள் இன்னும் இரண்டு வாங்கினார். ஆனால் இரவுச் சாப்பாட்டில் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்பதை லவான் கவனித்தார். அப்பா கட்டிய வீடு தன் காலத்தில் போகிறது என்ற துக்கம் அவரை உள்ளே அரித்தது. மேல்முறையீடு வேண்டாம், மூன்று நீதிபதிகளுக்குத் தொந்தரவு என்று அவர் சொன்னபோது, பேருந்தில் வம்பு செய்யும் பிள்ளைகளிடம் பேசும் குரலில் லவான் சொன்னார்: "ஆர்விட், உக்காரு. பெல்ட்டப் போடு."

மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மாநிலத்தின் சார்பாக வந்தவர் பிரெஸ்டன் வைலி என்ற இளம் வழக்கறிஞர். நல்ல குரல், நல்ல கோட்டு. மூன்று நீதிபதிகளில் நடுவில் இருந்த அம்மையாருக்குத்தான் கேள்வி கேட்கும் வழக்கம்.

"கனம் நீதிபதிகளே, வாக்குச்சீட்டுல நெரிசல் வந்துடக் கூடாது. அதுதான் மாநிலத்தோட தலையாய அக்கறை," என்று தொடங்கினார் வைலி.

"அந்தச் சீட்டுல இந்தப் பதவிக்கு எத்தனை பேர் இருந்தாங்க?"

"யாரும் இல்லைங்க."

"அப்புறம் எங்கேருந்து நெரிசல்?"

"கொஞ்சம்கூட இல்லைங்க. சட்டம் எவ்வளவு நல்லா வேலை செய்யுதுங்கறதுக்கு அதுதான் அத்தாட்சி." வைலிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அடுத்தது வாக்காளர் குழப்பம். ரெண்டு பேர் இருந்தா வாக்காளர் யோசிக்க வேண்டி வருது. குழப்பம் அங்கதான் ஆரம்பிக்குது. ஒருத்தர் இருந்தா அவரு வேணுமா வேணாமான்னு ஒரு சின்ன சஞ்சலம். ஒருத்தருமே இல்லாத சீட்டுலதான் வாக்காளரோட மனசு முழு நிம்மதியா இருக்கு."

"கையெழுத்தும் கெடுவும் வச்ச இந்தச் சட்டப்படி இதுவரைக்கும் எத்தனை பேர் மனு போட்டு எண்ணப்பட்டிருக்காங்க?"

"ஐம்பத்திரண்டு வருஷத்துல ஒருத்தரும் இல்லைங்க. மக்கள் அந்தச் சட்டத்து மேல அவ்வளவு மரியாதை வச்சிருக்காங்க."

நீதிபதி அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. சீட்டில் பெயர் அச்சான வேட்பாளர் ஒருவருமே இல்லாத பதவிக்கு, வாக்காளர் யார் பெயரை எழுதினாலும் எண்ணியே ஆகவேண்டும். மனு, கையெழுத்து, கெடு எதுவும் கூடாது. மார்ச்சில் மறுதேர்தல் நடத்த வேண்டும். தீர்ப்புக்கு டாலெஃப்சன் தீர்ப்பு என்று பெயர். ஆர்விட்டுக்கு அது பெரிய சங்கடமாகப் போயிற்று. தேவாலயத்தில் யாராவது அதைச் சொன்னால் காபி கோப்பைக்குள் முகத்தை விட்டுக்கொள்வார்.

மார்ச்சில் பனி உருகியது. தேர்தல் அன்று காலை தண்ணீர் ஆறாவது படியில் நின்றது.

ஆர்விட் வாக்குச்சாவடித் தடுப்புக்குள் போய் நின்றார். சீட்டில் வெற்றுக் கோடு. பேனா கையில். ஆறு மாதமாக மூன்று நீதிமன்றங்களில் எந்தக் கோட்டுக்காகச் சண்டை போட்டாரோ அதே கோடு. பேனாவைக் கொண்டுபோனார். கை நின்றுவிட்டது. தன் பெயரைத் தானே எழுதுவதா? யாரும் பார்க்கப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். யாரும் பார்க்காதபோதும் எடுக்காமல் இருப்பதல்லவா கடைசித் துண்டு. வெளியே வரிசையில் யாரோ இருமினார்கள். மற்றவர்களைக் காக்கவைப்பது அதைவிட மோசம். சட்டென்று மனதில் வந்த ஒரு நல்ல பெயரை எழுதி மடித்துப் போட்டுவிட்டு, காது சிவக்க வெளியே வந்தார்.

எண்ணிக்கை மாலையில் முடிந்தது. குவிஸ்ட் தாளை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். புன்னகை முகத்தில் இருந்தது. ஆனால் அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"ஆர்விட் டாலெஃப்சன், நூத்தி எழுபத்து மூணு." தொண்டையைச் செருமினார். "லவான் ஷ்மிட்கே, நூத்தி எழுபத்து நாலு."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாயிற்று. நினைத்துப் பார்த்தால் இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. மாவட்டத்தில் பாதி வீடுகளின் வாசலில் நின்று வடிகாலைப் பற்றிப் பேசியது லவான். மீதி வீடுகளின் பிள்ளைகளை முப்பத்தோரு வருடம் பத்திரமாக இறக்கிவிட்டதும் லவான். ஆர்விட்டைப் பெரும்பாலோர் வண்டிக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருந்தார்கள்.

லவான் முகம் கடுகடுத்தது. "நான் கேட்டேனா? யாராச்சும் என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா? நான் மனுகூடப் போடலையே."

"மனு வேணாம்னு தீர்ப்பு வந்திருச்சுங்க," என்றார் குவிஸ்ட். "அஞ்சு நாளைக்குள்ள சாயங்காலம் அஞ்சு மணிக்கு முன்னாடி நேர்ல வந்து ஒப்புதல் குடுக்கணும். குடுக்கலைன்னா பதவி காலி. அடுத்த தேர்தல் நாலு வருஷம் கழிச்சு."

லவான் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாலு நாள் ஆர்விட் வீட்டுப் பக்கம் வரவில்லை. அடுத்தவன் பட்டபாட்டின் பலனைத் தான் பறித்துக்கொண்டதாக அவருக்கு மனது கிடந்து அடித்துக்கொண்டது.

ஐந்தாம் நாள் மதியம் பிரெஸ்டன் வைலி சேறு ஒட்டிய காலணியோடு ஆர்விட்டின் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். ஆர்விட் அவருக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார்.

"மனு போடாத ஒருத்தர்கிட்ட நீங்க தோத்திருக்கீங்க. இதைவிட அநியாயம் உண்டா சார்?" என்றார் வைலி. "கேஸ் போடற தகுதி இந்த மாநிலத்துல உங்க ஒருத்தருக்குத்தான் இருக்கு. நீங்க போட்டா மாநிலம் முழுசா உங்க பக்கம் நிக்கும். டாலெஃப்சன் தீர்ப்ப ஒடச்சுரலாம்."

"அந்த டாலெஃப்சன் நான்தானே தம்பி?"

"அதுல ஒண்ணும் சிக்கல் இல்ல. உங்கள எதிர்த்து நாங்க எழுதின வாதம் அப்படியே இருக்கு. பேர மட்டும் மாத்தணும். யோசிங்க சார், ஒரே ஒரு ஓட்டு. எவனோ ஒருத்தன் உங்களுக்குத் துரோகம் பண்ணியிருக்கான்."

ஆர்விட் ஜன்னல் வழியாக மேட்டுப் பண்ணையைப் பார்த்தார். உள்ளே ஒரு சின்ன வலி இருந்தது. இல்லையென்று சொல்ல முடியாது. ஆணையர் டாலெஃப்சன் என்று ஒரு தடவையாவது தனிமையில் சொல்லிப் பார்த்திருந்தார்.

"அந்த ஆள எனக்குத் தெரியும்," என்றார் மெதுவாக. "துரோகம் பண்றவன் இல்ல. கொஞ்சம் கூச்ச சுபாவம், அவ்வளவுதான். காபி இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

வைலி போன கையோடு ஆர்விட் மேடேறி லவானின் கதவைத் தட்டினார். பிறர் வீட்டுக் கதவை அவர் தானே தட்டியது அந்த ஆறு மாதத்தில் அதுதான் முதல் தடவை.

"நான் உன் பேரத்தான் எழுதினேன் ஆர்விட். சத்தியமா," என்றார் லவான், கதவைத் திறந்ததும்.

"தெரியும்."

"நீ யாரு பேர எழுதின?"

ஆர்விட் தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தை ஆராய்ந்தார். லவான் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டார்.

"மணி என்ன?"

"நாலு பத்து. ரோடு மறுபடி முங்கியிருக்கு. சுத்திப் போனா நேரம் பத்தாது லவான்."

"யாரு சுத்திப் போறா?"

தேவாலயத்தின் மஞ்சள் பேருந்துக்குச் சக்கரங்கள் உயரம். முப்பத்தோரு வருடப் பனியிலும் வெள்ளத்திலும் ஒரு பிள்ளையைக்கூட லவான் தாமதமாக இறக்கியதில்லை. ஒன்பதாம் எண் வடிகாலின் தண்ணீர் இரண்டு பக்கமும் பிளந்து ஒதுங்க, முதல் வரிசையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த ஆர்விட் கண்ணை மூடிக்கொண்டார்.

நாலு ஐம்பத்தாறுக்கு இருவரும் மாவட்ட அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள். குவிஸ்ட் விளக்குப் பொத்தானில் விரலை வைத்திருந்தார். படிவத்தை எடுத்தார். லவான் கையை உயர்த்தி உறுதிமொழி சொன்னார். குவிஸ்ட் கடிகாரத்தைப் பார்த்தார். அது நாலு ஐம்பத்தொன்பதுக்குமேல் நகர மறுத்துக்கொண்டிருந்தது.

"மகிழ்ச்சிங்க. முதல் உத்தரவ அடுத்த வாரம் நிதானமா..."

அலுவலக மேசையில் ஒரு தட்டு இருந்தது. காலையில் கேக்கின் கடைசித் துண்டாக இருந்தது, நாள் முழுக்க எல்லோரும் பாதி பாதியாக வெட்டி எடுத்து, இப்போது கட்டைவிரல் அளவுக்கு வந்திருந்தது. பக்கத்தில் கத்தி. லவான் கத்தியைத் தள்ளி வைத்துவிட்டு, மிச்சம் முழுவதையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"அது கடைசித் துண்டுங்க," என்றார் குவிஸ்ட், மிக மெல்லிய குரலில்.

"தெரியும். யாராச்சும் ஒருத்தர் எடுக்கணும்ல," என்றார் ஆணையர், மென்றபடி. விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையை உதறவில்லை. "உத்தரவுத் தாளையும் பேனாவையும் எடுங்க. இவன் வீட்டுல தண்ணி ஆறாவது படில நிக்குது."